அணுக்கழிவைப் புதைக்கப் படிகப் பாறை ஏற்றதா? பாறை மாற்றம் தரும் சான்றுகள்

அணு உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள், வெளியே எடுத்த பிறகும் நெடுங்காலம் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதிலுள்ள சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 30 ஆண்டுகள்தான் என்பதால், சில நூற்றாண்டுகளில் அவை பெரும்பாலும் சிதைந்து தீர்ந்துவிடும். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுட்காலமோ 24,100 ஆண்டுகள். டெக்னீசியம்-99க்கு 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இவ்வளவு நீண்ட காலத்துக்கு எந்தக் கட்டடத்தையும் எந்த நிர்வாகத்தையும் காவலுக்கு நம்ப முடியாது. அதனால்தான், தரைக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில், நிலையான பாறைக்குள் கழிவை நிரந்தரமாக வைத்துவிடும் திட்டத்தைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. களிப்பாறை, பாறை உப்பு, படிகப் பாறை ஆகிய மூன்றுமே இதற்காக அதிகம் ஆராயப்பட்டவை. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. அதிலும், அந்தப் பாறை காலப்போக்கில் வேதியியல் மாற்றம் அடைந்திருந்தால் அதன் தகுதி என்னவாகிறது என்ற ஒரே கேள்வியைப் பற்றியது.

கிரானைட், நைஸ் போன்றவற்றைப் படிகப் பாறைகள் என்கிறோம். உருகிய குழம்பு பூமியின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தோ, பழைய பாறைகள் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியோ இவை உருவாகின்றன. ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கிடக்கும் கனிமப் படிகங்களால் ஆனவை என்பதால் இவற்றில் நுண்துளைகள் மிகக் குறைவு. புதிய கிரானைட்டின் மொத்தக் கன அளவில் நுண்துளைகளின் பங்கு பெரும்பாலும் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. உறுதி மிகுந்தவை என்பதால், ஆழத்தில் சுரங்கம் குடைந்தாலும் பெரிய முட்டுக்கட்டுமானம் இல்லாமலே பெரும்பாலும் நிற்கும். பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோவில் 2004ஆம் ஆண்டு குடையத் தொடங்கிய ஓன்கலோ சுரங்கம் ஏறக்குறைய 430 மீட்டர் ஆழத்தில் இத்தகைய நைஸ் பாறைக்குள்தான் அமைந்திருக்கிறது. சுவீடன் அரசு 2022 ஜனவரியில் ஃபோர்ஸ்மார்க் என்ற இடத்துக்கு அனுமதி அளித்தது. அங்கும் படிகப் பாறையே. கனடா 2024 நவம்பரில் ஒன்டாரியோ மாகாணத்தில் தேர்ந்தெடுத்த ரெவல் பகுதியும் கிரானைட் வகைப் பாறைத் திரள்தான்.

இப்பாறைகள் பல நூறு கோடி ஆண்டுகள் அசையாமல் கிடப்பவை என்பதால், அவை மாறாதவை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், நீரைத் தொட்ட பாறை எதுவும் முற்றிலும் மாறாமல் இருந்ததில்லை. ஒரு பாறையின் கனிமங்கள் அவை உருவான வெப்பத்திலும் அழுத்தத்திலும்தான் நிலைத்தன்மை உடையவை. பாறை குளிர்ந்து, பிளவுபட்டு, அப்பிளவுகளின் வழியே வெவ்வேறு வேதித் தன்மை கொண்ட நீர் வந்து சேரும்போது, பழைய கனிமங்கள் கரைந்து, அந்தப் புதிய சூழலுக்கு ஏற்ற வேறு கனிமங்கள் அவற்றின் இடத்தில் வளர்கின்றன. நீரின் வழியாக நடக்கும் இந்த வேதியியல் மாறுதலையே பாறை மாற்றம் என்கிறோம். பாறை ஆழத்தில் புதைந்து முழுவதுமாக மறுபடிகமாகும் உருமாற்றத்திலிருந்து இது வேறானது.

பாறை மாற்றத்தில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. தரைமட்டத்தில் மழைநீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து நிகழ்த்தும் வானிலைச் சிதைவு ஒன்று. இது பொதுவாக மேல்மட்டத்தில் நின்றுவிடும். ஆழத்தில், பல சமயம் 200 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள நீர் பிளவுகளில் சுற்றி வந்து நிகழ்த்தும் வெந்நீர் மாற்றம் மற்றொன்று. புதைக்கும் ஆழத்தில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சந்திப்பது இரண்டாவதைத்தான். கிரானைட் முதலில் குளிர்ந்த காலத்திலேயே இதன் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கலாம். பின்னர் நிகழ்ந்த மலையாக்கக் காலங்களில் மறுபடியும் நடந்திருக்கலாம்.

கனிமங்கள் ஒவ்வொன்றும் இந்த நீருக்கு வெவ்வேறு விதமாக இணங்குகின்றன. கிரானைட்டில் கறுப்பாக மின்னும் பயோடைட் என்ற அபிரகம், புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. அந்த அடுக்குகளுக்கு இடையில் பொட்டாசியம் அயனிகள் அமர்ந்திருக்கும். வெந்நீர் உள்ளே புகும்போது பொட்டாசியம் வெளியேறி, பயோடைட் பச்சை நிறக் குளோரைட்டாக மாறும். பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமம் தன் கால்சியத்தை இழந்து சோடியம் மிகுந்த ஆல்பைட்டாக மாறுவதுடன், அதன் உட்பகுதியில் செரிசைட் எனப்படும் நுண்ணிய வெள்ளை அபிரகத் துகள்களும் தோன்றும். வெளியேறிய கால்சியம் அருகிலுள்ள பிளவில் கால்சைட்டாகவோ எபிடோட்டாகவோ படியும். வெப்பம் குறைந்த நிலையில், அமிலத் தன்மை கொண்ட நீர் ஃபெல்ட்ஸ்பாரைக் கயோலினைட் என்ற களிக் கனிமமாக்கும். குவார்ட்ஸ் இவற்றில் எல்லாம் பிடிவாதமாக நிற்கும் கனிமம். ஆனாலும் சில அரிய சூழல்களில் அது மட்டும் முழுவதும் கரைந்து போய், பாறை முழுக்கப் புழைகளாகிவிடுவதும் உண்டு. எபிசயனைட் எனப்படும் இப்பாறையில் நுண்துளைகளின் பங்கு பத்து, இருபது சதவீதம் வரைகூட உயரலாம். ஃபோர்ஸ்மார்க்கில் துளையிட்டு எடுத்த பாறை உருளைகளிலும் இத்தகைய சிறு பகுதிகள் தென்பட்டுள்ளன.

ஆழத்தில் நீர் பிளவுகளின் வழியே நுழைவதால், மாற்றமும் பிளவின் இருபுறச் சுவர்களில் தொடங்கி உள்நோக்கிச் சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை பரவி, மெல்ல மெல்ல மங்கி, புதிய பாறையில் முடிகிறது. சுவீடன் பாறைகளில் இந்த விளிம்பு செங்கல் சிவப்பாகத் தெரியும். ஃபெல்ட்ஸ்பாருக்குள் படிந்த ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களே அந்த நிறத்துக்குக் காரணம். சாம்பல் நிறப் பாறை உருளையில் திடீரென ஒரு சிவப்புப் பட்டை வந்தால், நடுவில் ஒரு பிளவு இருக்கும் என்று தேடத் தொடங்கலாம். என் பார்வையில், பாறை மாற்றம் தரும் முதன்மையான பயன் இதுதான்: நீர் எந்த வழியாக வந்தது, எவ்வளவு தூரம் உள்ளே சென்றது என்ற கணக்கைப் பாறை தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்குக் கழிவு எப்படி வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சுவீடனும் பின்லாந்தும் பின்பற்றும் முறையில், எரிபொருள் வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் வைக்கப்பட்டு, அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கலத்தில் அடைக்கப்படுகிறது. ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள இக்கலம், சுரங்கத் தரையில் சுமார் 8 மீட்டர் ஆழத்துக்குக் குடையப்பட்ட குழியில் இறக்கப்பட்டு, சுற்றிலும் பென்டோனைட் என்ற, ஈரத்தில் வீங்கும் களிமண் நிரப்பப்படும். இதற்கெல்லாம் வெளியே இருப்பதுதான் பாறை. கலத்தையும் களிமண்ணையும் பூகம்பத்திலிருந்தும் பனியுகத்திலிருந்தும் மனித நடமாட்டத்திலிருந்தும் காப்பது பாறையின் முதல் வேலை. அவற்றைச் சுற்றி நிலையான, ஆக்சிஜன் அற்ற, மெதுவாக நகரும் நீரை வைத்திருப்பது இரண்டாவது வேலை. கலம் என்றாவது ஒருநாள் பழுதானால் வெளிவரும் கதிரியக்கப் பொருளைத் தடுத்துத் தாமதப்படுத்துவது மூன்றாவது. பாறை மாற்றம் இந்த மூன்றையும் தொடுகிறது; ஆனால் மூன்றையும் ஒரே திசையில் தள்ளுவதில்லை. தொடக்க வாசகர்களைக் குழப்பும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பாதகங்கள். ஃபெல்ட்ஸ்பார் களியாகவும் செரிசைட்டாகவும் மாறும்போது படிகங்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்து, பாறையின் உறுதி குறைகிறது. குளோரைட்டும் களியும் பூசப்பட்ட பிளவுச் சுவர்கள் எளிதில் வழுக்கும். பிளவுக்குள் மாண்ட்மோரில்லோனைட் போன்ற வீங்கும் களி இருந்தால், சுரங்கம் குடையும்போது ஈரத்தில் வீங்கிப் பாறையைத் தள்ளும் அல்லது உதிரச் செய்யும். வெப்பத்தின் கணக்கும் உண்டு: குவார்ட்ஸ் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஃபெல்ட்ஸ்பாரின் கடத்துதிறன் அதைவிடப் பன்மடங்கு குறைவு. ஆகவே குவார்ட்ஸ் கரைந்து, அந்த இடம் நீரால் நிரம்பிய பாறையில் கழிவின் வெப்பம் மெதுவாகவே வெளியேறும். பென்டோனைட் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்பது இம்முறையின் வடிவமைப்பு வரம்பு. அதற்காகத்தான் கலங்களை ஒன்றிலிருந்து ஒன்று சில மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். வெப்பங்கடத்தும் திறன் குறைந்தால் இந்த இடைவெளி கூட வேண்டும். சுரங்கம் நீள வேண்டும்.

அடுத்துச் சாதகங்கள். இவை பலருக்கும் வியப்பளிக்கும். படிகப் பாறையில் நீர் கிட்டத்தட்ட முழுவதும் பிளவுகளில்தான் ஓடுகிறது. பிளவுச் சுவருக்கு அப்பால் உள்ள பாறையின் நுண்துளைகளில் நீர் இருக்கும். ஆனால் அது ஓடாது. பிளவில் ஓடும் நீரில் கரைந்த கதிரியக்க அயனி, செறிவு வேறுபாட்டின் காரணமாக அந்த நகராத நீருக்குள் மெதுவாக விரவிச் சென்று, அங்கேயே நெடுங்காலம் தங்கிவிடும். இவார்ஸ் நெரெட்னீக்ஸ் என்ற சுவீடன் வேதிப் பொறியாளர் 1980இல் எடுத்துக்காட்டிய இச்செயல், படிகப் பாறையின் தடுப்பாற்றலைப் பற்றிய கணிப்புகளையே மாற்றியது. பிளவில் ஓடும் நீர் சில ஆண்டுகளிலேயே கடந்துவிடும் தூரத்தை, பாறைக்குள் விரவிச் சென்று திரும்பும் அயனி கடக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகலாம்.

இப்போது மாற்றமடைந்த விளிம்பை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே நுண்துளைகள் புதிய பாறையைவிட அதிகம். அயனி உள்ளே புகுவதற்கு அது எளிதான வழி. அதோடு, குளோரைட், இல்லைட் போன்ற அடுக்குக் கனிமங்களின் விளிம்புகள் நேர்மின் அயனிகளை ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. சீசியம் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு: இல்லைட்டின் உரிந்த ஓர அடுக்குகளுக்குள் அது ஏறக்குறைய திரும்ப வர முடியாத அளவுக்கு மாட்டிக்கொள்ளும். எனவே உறுதி என்ற அளவுகோலில் தோற்றுப்போகும் அதே விளிம்பு, தடுப்பாற்றல் என்ற அளவுகோலில் புதிய கிரானைட்டை வென்றுவிடுகிறது. அயோடின் இந்தக் கணக்கில் சேராது. அது எதிர்மின் அயனியாக நீரில் கரைவதால் களிக் கனிமங்கள் அதைப் பிடிப்பதில்லை. விரவல் மட்டுமே அதைத் தாமதப்படுத்தும். அதனால்தான் நீண்ட காலப் பாதுகாப்புக் கணிப்புகளில் அயோடின்-129 அடிக்கடி முன்னே வந்து நிற்கிறது.

இரும்பின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். யுரேனியமும் டெக்னீசியமும் ஆக்சிஜன் உள்ள நீரில் எளிதில் கரைந்து நகரும். ஆக்சிஜன் அற்ற, ஒடுக்கத் தன்மை கொண்ட நீரில் கரையாத நிலைக்கு மாறி நின்றுவிடும். ஆழத்து நீரை ஒடுக்க நிலையில் வைத்திருப்பதில் பயோடைட், குளோரைட் ஆகியவற்றிலுள்ள இரட்டை மின்சுமை கொண்ட இரும்புக்கும், பைரைட் என்ற இரும்பு சல்பைடுக்கும் பெரும் பங்குண்டு. மேலிருந்து ஆக்சிஜன் கரைந்த நீர் இறங்கினால், இந்த இரும்பு அந்த ஆக்சிஜனை உண்டு தீர்க்கிறது. அப்படியானால் சிவப்பு விளிம்புகள் கவலைக்குரியவை அல்லவா? அவை இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததற்கான அடையாளம்தானே? நியாயமான சந்தேகம். ஆனால் சுவீடன் பாறைகளை அளந்து பார்த்தபோது, ஹெமடைட் துகள்கள் நிறத்தை அழுத்தமாகக் காட்டினாலும், பாறையிலுள்ள மொத்த இரும்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்த பகுதி சிறிதளவே கூடியிருப்பது தெரிந்தது. ஒடுக்கும் ஆற்றலின் பெரும்பகுதி குளோரைட்டில் அப்படியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்து ஒரு பாறையை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

எந்த மாற்றம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதே அடுத்த கேள்வி. என் கணிப்பில் தகுதியை முடிவு செய்யும் கேள்வியும் இதுதான். ஒரு பிளவின் சுவரில் படிந்த கனிமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், எது முதலில் வந்தது என்று நுண்ணோக்கியில் படிக்க முடியும். ஃபோர்ஸ்மார்க்கில் இவ்வாறு நான்கு தலைமுறைகளைப் பிரித்தறிந்தார்கள். மிகப் பழையதான முதல் தலைமுறையில் எபிடோட்டும் குளோரைட்டும் உண்டு; அவை வெந்நீரில் உருவானவை. ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த இரண்டாவதில் லோமான்டைட், ப்ரெஹ்னைட், சிவந்த அடுலேரியா ஆகிய கனிமங்கள் உண்டு. மூன்றாவது தலைமுறை பேலியோசோயிக் ஊழியை (சுமார் 54 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) சேர்ந்தது. குறைந்த வெப்பத்தில் படிந்த கால்சைட், பைரைட் ஆகியவற்றோடு அதில் நிலக்கீல் போன்ற கரிமப் பொருளும் காணப்படுகிறது. அந்நிலத்தின் மேல் அப்போது படிந்திருந்த, பின்னர் அரித்துச் செல்லப்பட்ட கரிம வளம் மிகுந்த களிப்பாறையிலிருந்து அது கிரானைட்டுக்குள் இறங்கி வந்திருக்கிறது. கிரானைட்டில் எண்ணெய்த் தடம் கிடைத்தால் வியப்பாக இருக்கும். ஆனால் அதன் பொருள், அக்காலத்தில் மேலிருந்து கீழே திறந்த பாதைகள் இருந்தன என்பதுதான். நான்காவது தலைமுறை, களிக் கனிமங்களும் இளைய கால்சைட்டும் கொண்டது. இன்று நீர் ஓடும் பிளவுகளில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே.

இந்தப் பட்டியலைப் படிக்கும் பொறியாளர் கவனிப்பது ஒன்றே. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஓடி, பின்னர் எபிடோட்டாலும் குவார்ட்ஸாலும் இறுக அடைபட்டு, அதன் பின் எதுவும் நுழையாத பிளவு, மாற்றம் மிகுந்திருந்தாலும் ஆபத்தற்றது. பழைய தழும்பு மட்டுமே அது. மாற்றம் சொற்பமாக இருந்தாலும், மிக அண்மைக் காலத்துக் களியோ கால்சைட்டோ படிந்த பிளவு, இன்றும் நீர் செல்லும் வழி. அண்மைக் காலத்தை அளக்க யுரேனியம்-234, யுரேனியம்-238 ஆகியவற்றின் விகிதம் உதவுகிறது. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்குள் நீர் பாறையிலிருந்து யுரேனியத்தைக் கரைத்ததா, படிய வைத்ததா என்பதை, அந்த விகிதம் தன் சமநிலையிலிருந்து விலகியிருப்பது காட்டிக்கொடுக்கும். சுவீடனின் லாக்செமாரில் இம்முறையோடு கனிமச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மேலிருந்து இறங்கிய ஆக்சிஜன் நீரின் தாக்கம் பொதுவாகத் தரையிலிருந்து சுமார் 20 மீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது தெரிந்தது: அதற்கு மேலே கோதைட் என்ற துரு போன்ற இரும்புக் கனிமம், கீழே பழுதுபடாத பைரைட். பனியுகங்களில் கிலோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள பனிப்படலம் அந்நிலத்தை அழுத்தி உருகியும், ஆக்சிஜன் ஆழத்தைத் தொடவில்லை என்பதற்கு இது ஒரு நேரடிச் சாட்சி.

சோதனைக்கூடத்தில் பார்க்க முடியாத கால அளவை இயற்கை சில இடங்களில் தானாகவே செய்து வைத்திருக்கிறது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்திலுள்ள சிகார் ஏரி யுரேனியப் படிவு, சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் படிகப் பாறை அடித்தளத்தின் மேல் விளிம்பில், ஏறக்குறைய 430 மீட்டர் ஆழத்தில் உருவானது. வெந்நீர் மாற்றத்தால் பிறந்த களி வளையம் ஒன்று அதைச் சுற்றியிருக்கிறது. தாது மிகச் செறிவானது. ஆனால் தரைமட்டத்தில் அதன் கதிரியக்கத் தடயம் ஏதும் இல்லை. மாற்றமடைந்த பாறையே அங்கு கவசமாக நின்றது. இருந்தாலும், இயற்கையின் உதாரணத்தை அப்படியே செயற்கைக் கிடங்குக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே செப்புக் கலமும் இல்லை, கழிவின் வெப்பமும் இல்லை.

மேலும், கிடங்கு தானும் ஒரு புதிய பாறை மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது. சுரங்கம் குடையும்போது வெடிவைப்பதால் சுவரைச் சுற்றிப் புதிய நுண்விரிசல்கள் உண்டாகின்றன. உள்ளே காற்று வருவதால் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கழிவின் வெப்பம் பல நூற்றாண்டுகளுக்கு நீரின் வேதியியலை மாற்றுகிறது. சாதாரண சிமெண்டின் துளை நீர் கடுமையான காரத் தன்மை கொண்டது, பிஎச் 12.5க்கும் மேல், அது ஃபெல்ட்ஸ்பாரையும் பென்டோனைட்டையும் கரைக்க வல்லது. ஆகவே ஓன்கலோவின் ஆழ்பகுதிகளில் பிளவுகளை அடைக்கக் காரத் தன்மை குறைந்த சிறப்புச் சிமெண்ட் கலவை பயன்படுத்தப்படுகிறது. ஓல்கிலுவோட்டோவின் பாறையில் பழைய காலத்து சல்பைடு மாற்றமும் உண்டு. சல்பைடு செம்பை அரிக்கும் என்பதால், அப்பகுதிகளின் நீரில் சல்பைடு எவ்வளவு கரைந்துள்ளது என்பதும் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது.

இவை அனைத்தும் சேர்ந்து கடைசியில் ஓர் இடத்தை முழுவதுமாக ஏற்பதாகவோ நிராகரிப்பதாகவோ முடிவதில்லை. சுவீடன் திட்டத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பிளவுப் பட்டைகளிலிருந்து 100 மீட்டர் விலகியே கலங்கள் வைக்கப்பட வேண்டும். அத்தகைய பட்டைகளில்தான் மாற்றமும் நிலநடுக்க அசைவும் குவிந்திருக்கும். பின்லாந்தில் சுரங்கம் குடையக் குடையச் சுவர்களின் நிறம், களிப்பூச்சு, பிளவுக் கனிமம் எல்லாம் பதிவு செய்யப்பட்டு, ஒவ்வொரு குழியும் தனித்தனியே மதிப்பிடப்படுகிறது. பெரிய பிளவு ஒன்று குறுக்கே சென்றாலோ, நீர்க்கசிவு நிமிடத்துக்கு 0.1 லிட்டரைத் தாண்டினாலோ, அந்தக் குழி கைவிடப்பட்டு, அதே சுரங்கத்தில் சில மீட்டர் தள்ளி அடுத்தது பார்க்கப்படுகிறது.